முட்டைக்கு முட்டைக்கோஸ் செய்த வேலை

எங்கள் பாடத்திட்டத்தில் லிப்பிட், அதாவது கொழுப்பு வகைப் பொருள்களின் செய்முறை என்றால் சோப்பாக்கல் எண், அயோடின் எண் இரண்டும்தான். தேங்காய் எண்ணெயையும் நல்லெண்ணெயையும் டைட்ரேட் செய்து, கணக்குப் போட்டு, ரெக்கார்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். செல் சவ்வு எதனால் ஆனது என்று கேட்டால் எல்லா மாணவிகளும் ஒரே படத்தை வரைவார்கள்: ஒரு வட்டத் தலை, கீழே இரண்டு வால். அந்தத் தலையும் வாலும் கண்ணாடிக் குச்சியில் ஒட்டிக்கொண்டு வரக்கூடிய ஒரு பொருள் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. படிக்கிற காலத்தில் எனக்கும் தோன்றியதில்லை.

இந்த முறை இப்படிச் செய்யலாம் என்று யோசித்தேன். முட்டை மஞ்சள் கருவிலிருந்து லெசித்தினை, அதாவது அந்தப் படத்திலுள்ள சவ்வுக் கொழுப்பைப் பிரிப்பது. பிறகு அதன் தலையை முட்டைக்கோஸ் சாறு விட்டு வெட்டுவது. வெட்டுப்பட்டதை டிஎல்சி தட்டில் (கலவையிலுள்ள பொருள்களைத் தனித்தனிப் பொட்டுகளாகப் பிரிக்கும் சிலிக்கா பூசிய தட்டு) காட்டுவது. வாங்க வேண்டிய இரண்டு சரக்கும் மளிகைக்கடைத் தெருவிலேயே கிடைக்கும். மாணவிகள் வருவதற்கு முன் ஒருமுறை நானே செய்து பார்த்துவிடலாம் என்று இறங்கினேன். ஒருமுறை என்று நினைத்தது நான்கு முறை ஆனது. நான்கையும் எழுதி வைக்கிறேன். தவறிய மூன்றும்தான் அதிகம் சொல்லிக்கொடுத்தன.

லெசித்தின் என்ற பெயரே மஞ்சள் கருவுக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. பிரெஞ்சு மருந்தாளர் கோப்லே 1840களில் மஞ்சள் கருவைப் பிரித்துப் பார்த்து, அதில் பாஸ்பரஸ் உள்ள ஒரு கொழுப்பு இருக்கிறது என்று கண்டார். 1850இல் அதற்கு இந்தப் பெயரை வைத்தார். இன்றைய வழக்கில் அதன் முக்கியப் பகுதி பாஸ்படிடைல்கோலின். நடுவில் கிளிசரால். அதன் மூன்று கைகளில் இரண்டில் கொழுப்பு அமிலங்கள். முட்டையில் பெரும்பாலும் ஒரு கையில் பால்மிடிக், அடுத்த கையில் ஓலியிக் அல்லது லினோலியிக். மூன்றாவது கையில் பாஸ்பேட், அதன் நுனியில் கோலின். இதில் பாஸ்பேட்டுக்கு எதிர்மின்சுமை, கோலினுக்கு நேர்மின்சுமை. தலை தண்ணீரைத் தேடும், வால் தண்ணீரை விட்டு விலகும். சவ்வு உருவாவதற்கு இதற்கு மேல் பெரிதாக எதுவும் தேவையில்லை.

முதல் முயற்சி சோம்பேறித்தனத்தில் கெட்டது. பழைய முறைகளில் எத்தனால் கொண்டு பிரித்தெடுக்கச் சொல்வார்கள். எங்கள் துறையில் எத்தனால் பூட்டிய அலமாரியில் இருக்கும். மில்லி கணக்கில் பதிவேட்டில் எழுதி, தலைவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். மெத்தனால் புட்டியோ கைக்கெட்டிய தட்டிலேயே நிற்கிறது. சரி, ஆல்கஹால்தானே என்று அதையே எடுத்தேன். (இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் திரும்பி வரும்.) இரண்டு முட்டையின் மஞ்சள் கரு சுமார் 32 கிராம் வந்தது. அதை நேராக மெத்தனாலில் ஊற்றிக் கலக்கினேன். புரதம் திரண்டு, எண்ணெயும் தண்ணீரும் சேர்ந்து, மயோனைஸ் மாதிரி ஒன்று ஆகிவிட்டது. வடிதாளில் ஊற்றினால் அரை மணி நேரத்தில் எட்டுச் சொட்டு. யோசித்தால் அது நியாயம்தான். மயோனைஸை மயோனைஸாகப் பிடித்து வைப்பதே மஞ்சள் கருவிலுள்ள இந்த லெசித்தினும் அதோடு சேர்ந்த புரதமும்தானே.

இரண்டாவது முறை அசிட்டோனில் ஆரம்பித்தேன். மஞ்சள் கருவை டிஷ்யூ தாளில் மெதுவாக உருட்டினால் ஒட்டியிருக்கும் வெள்ளைக் கரு போய்விடும். பிறகு மேல்தோலை ஊசியால் குத்தி, உள்ளே இருப்பதை மட்டும் பீக்கரில் விழவிட வேண்டும். பனிக்கட்டித் தொட்டியில் வைத்த 100 மி.லி. அசிட்டோனை ஊற்றிக் கிளறியதும், கண் முன்னாலேயே அது முட்டைப் பொடிமாஸ் ஆகிறது. அசிட்டோன் தண்ணீரை உறிஞ்சிக்கொள்கிறது, மஞ்சள் நிறமிகளையும் சாதாரணக் கொழுப்பையும் கொலஸ்ட்ராலையும் கரைத்து எடுத்துக்கொள்கிறது. லெசித்தின் போன்ற, பாஸ்பேட் உள்ள கொழுப்புகளான பாஸ்போலிப்பிட்கள் மட்டும் வராது. மின்சுமையுள்ள தலைகள் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டிருப்பதால் அசிட்டோனுக்கு அவை அசைந்து கொடுப்பதில்லை. முதல் வடிநீர் ஆரஞ்சு சாறு நிறம், இரண்டாவது எலுமிச்சை நிறம், மூன்றாவது ஏறக்குறைய தண்ணீர். பீக்கரில் மிச்சம் இருப்பது வெளிர் மஞ்சள் தூள். இது மெத்தனாலில் சமர்த்தாக வடிந்தது. மெத்தனாலை ஆவியாக்கி, மிஞ்சிய பசையைக் கொஞ்சம் ஹெக்சேனில் கரைத்து, குளிர்ந்த அசிட்டோனில் நூல் போல ஊற்றினேன்.

அந்த இடத்தை மாணவிகள் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு பாடும். தெளிந்த திரவத்துக்குள் வெள்ளை இழைகள் திடீரென்று தோன்றுகின்றன. குச்சியால் தொட்டால் சுற்றிக்கொண்டு வருகின்றன. பலாப்பழம் அறுக்கும்போது கையில் ஒட்டும் பால் மாதிரி இழுபடுகிறது, ஆனால் அவ்வளவு பிடிவாதம் இல்லை. படத்தில் வரைகிற வட்டத் தலையும் இரண்டு வாலும் இதுதான்.

அதையும் கெடுத்தேன். உறிஞ்சு வடிகட்டியில் ஊற்றிவிட்டு, ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள் என்று போய்விட்டேன். இருபது நிமிடம் கழித்து வந்தால் வெள்ளை இழைகளுக்குப் பதிலாக, வெல்லப்பாகு ஆறியது மாதிரி பழுப்பான மெழுகு. வடிகட்டி அதன் வழியே விடாமல் காற்றை இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. லினோலியிக் அமிலத்தின் இரட்டைப் பிணைப்புகளை ஆக்ஸிஜன் பிடித்துக்கொண்டது, காற்றிலிருந்த ஈரத்தைத் தலைகள் உறிஞ்சிக்கொண்டன. நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? லெசித்தினை வடிகட்டவே கூடாது. அடியில் படிந்ததும் மேல் திரவத்தைச் சாய்த்து ஊற்றிவிட்டு, குளிர்ந்த அசிட்டோனில் ஒருமுறை அலசி, உடனே வேறொரு கரைப்பானில் போட்டு மூடிவிட வேண்டும்.

மூன்றாவது முறை அப்படித்தான் செய்தேன். 1.9 கிராம் கிடைத்தது. மஞ்சள் கருவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு பாஸ்போலிப்பிட். 32 கிராமுக்கு மூன்று கிராம் இருக்க வேண்டும். கொஞ்சம் சிந்தியது, கொஞ்சம் கண்ணாடியில் தங்கியது. முதல் தடவைக்குப் பரவாயில்லை. இதை எதில் கரைத்து வைப்பது? ஈதர் நன்றாகக் கரைக்கும். ஆனால் சாதாரண ஃபிரிட்ஜில் ஈதர் வைப்பது உள்ளே வெடி வைப்பதற்குச் சமம், தெர்மோஸ்டாட்டில் ஒரு பொறி போதும். அதனால் மெத்தனாலில் கரைத்து, பழுப்புப் புட்டியில் கழுத்து வரை நிரப்பி மூடி வைத்தேன். புத்திசாலித்தனமான முடிவு என்று அப்போது நினைத்தேன்.

முட்டைக்கோஸ் பக்கம் வருவோம். லெசித்தினின் கோலின் தலையை வெட்டும் நொதி காரட்டிலும் முட்டைக்கோஸிலும் இருக்கிறது என்று 1947, 1948 வாக்கில் ஹனஹனும் சைக்காஃபும் காட்டினார்கள். பாஸ்போலிப்பேஸ் டி என்று பெயர். பாஸ்பேட்டுக்கும் கோலினுக்கும் இடையில் வெட்டும். கோலின் தனியாகத் தண்ணீருக்குப் போய்விடும், மிஞ்சுவது பாஸ்படிடிக் அமிலம். பச்சையான வெளி இலைகளை விட்டுவிட்டு உள்ளே வெளுத்திருக்கும் இலைகளை எடுத்து, ஐஸ் தண்ணீர் விட்டு மிக்ஸியில் அடித்து, துணியில் பிழிந்தோம். 55°Cயில் ஐந்து நிமிடம் வைத்தால் வேண்டாத புரதங்கள் நிறைய திரண்டு அடியில் போய்விடும், இந்த நொதி தாங்கிக்கொள்ளும். சென்ட்ரிஃபியூஜில் சுற்றி எடுத்த மேல்நீர்தான் நம் கத்தரிக்கோல். வெளி இலைகளை லேப் அண்ணன் பொரியலுக்கு எடுத்துப் போனார்.

இந்த நொதிக்கு மூன்று தேவைகள்: சற்றே அமிலத்தன்மை (பிஎச் 5.6 அளவில் அசிட்டேட் பஃபர்), தாராளமாகக் கால்சியம், கூடவே ஈதர். ஈதர் எதற்கு என்றால், தண்ணீரில் லெசித்தின் வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காகச் சுருண்டு கிடக்கும். ஈதர் அந்த அடுக்கைக் குலைத்து நொதிக்கு வழி விடும். ஈதரின் கொதிநிலை 34.6°C. அன்று மதியம் ஆய்வகத்தில் வெப்பமானி காட்டியது 35. மூடிய சோதனைக்குழாய்களில் முதலாவது 'டப்' என்று மூடியை எறிந்தது, அடுத்து இரண்டாவது. பிறகு எல்லாவற்றையும் 28 டிகிரித் தண்ணீர்த் தொட்டிக்கு மாற்றி, மூடியைத் தளர்வாக வைத்து, பக்கத்தில் எரியும் பர்னர் எதுவும் இல்லை என்று இரண்டு முறை பார்த்துக்கொண்டேன்.

மூன்று குழாய்கள். முதலாவதில் சாறு இல்லை. இரண்டாவதில் சாறு. மூன்றாவதில் கொதிக்க வைத்து நொதியைக் கொன்ற சாறு. மூன்றிலும் புட்டியிலிருந்த லெசித்தின் கரைசல் அரை மி.லி. ஒரு மணி நேரம் கழித்துக் குளோரோஃபார்ம் விட்டுக் குலுக்கி, கீழ் அடுக்கைத் தந்துகிக் குழாயால் எடுத்து சிலிக்கா தட்டில் பொட்டு வைத்தேன். தொட்டியில் குளோரோஃபார்ம், மெத்தனால், தண்ணீர் 65:25:4. கூடவே கொஞ்சம் அசிட்டிக் அமிலமும் விட்டேன். அது இல்லாமல் ஓடவிட்டபோது பாஸ்படிடிக் அமிலம் பொட்டாக நிற்காமல் வால் நட்சத்திரமாக இழுத்துக்கொண்டு போனது. அமிலம் விட்டதும் ஒழுங்காகச் சுருண்டது.

தட்டைப் படிக்க மூன்று வழி வைத்திருந்தேன். டிராகெண்டார்ஃப் என்ற கரைசலைத் தெளித்தால் கோலின் இருப்பவை ஆரஞ்சாகும். நின்ஹைட்ரின் தெளித்துச் சூடாக்கினால் அமினோ தொகுதி உள்ள பாஸ்படிடைல்எத்தனாலமின் (மஞ்சள் கருவிலுள்ள இன்னொரு பாஸ்போலிப்பிட்) ஊதாவாகும். மாலிப்டினம் தெளிப்பு பாஸ்பேட் உள்ள எல்லாவற்றையும் நீலமாக்கும். ஒன்றாம், மூன்றாம் தடங்கள் எதிர்பார்த்த மாதிரியே: கீழே பெரிய ஆரஞ்சுப் பொட்டு, அதற்கு மேல் சின்ன ஊதாப் பொட்டு. இரண்டாம் தடத்தில் ஆரஞ்சு வெளுத்துவிட்டது. முட்டைக்கோஸ் தன் வேலையைச் செய்திருக்கிறது. ஆனால் மேலே நீலமாக இரண்டு பொட்டுகள். ஒன்று பாஸ்படிடிக் அமிலம். இன்னொன்று?

அந்த இன்னொன்றோடு இரண்டு நாள் போராடினேன். ஆரஞ்சு ஆகவில்லை, ஆகவே கோலின் இல்லை. ஊதா ஆகவில்லை, அமினோ தொகுதியும் இல்லை. நீலம் ஆகிறது, ஆகவே பாஸ்பேட் உண்டு. காற்றுபட்டுக் கெட்டதாக இருந்தால் ஒன்றாம் தடத்திலும் வந்திருக்க வேண்டும். சாற்றிலேயே இருந்ததாக இருந்தால் கொதித்த சாற்றிலும் இருந்திருக்கும். உயிருள்ள நொதி புதிதாக எதையோ செய்திருக்கிறது.

ரெக்கார்டு நோட்டு கொடுக்க வந்த ஒரு மாணவி பலகையில் நான் வரைந்திருந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நொதி லெசித்தினைப் பிடிக்கிறது, கோலினைத் தள்ளிவிடுகிறது, மிச்சப் பகுதியைத் தன்னிடமுள்ள ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தில் கொஞ்ச நேரம் ஒட்டவைத்துக்கொள்கிறது. பிறகு தண்ணீர் வந்து அதை விடுவிக்கிறது. "அந்தக் குழாயில தண்ணி மட்டும்தான் இருக்கா மேடம்?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தவள், புட்டியின் லேபிளைப் பார்த்தேன். என் கையெழுத்தில்: லெசித்தின், மெத்தனாலில்.

தண்ணீர் உட்கார வேண்டிய இடத்தில் மெத்தனால் வந்து உட்கார்ந்திருக்கிறது. விளைந்தது பாஸ்படிடைல்மெத்தனால் என்ற, முட்டையிலும் இல்லாத முட்டைக்கோஸிலும் இல்லாத பொருள். இந்த நொதிக்குத் தண்ணீரைவிடச் சிறிய ஆல்கஹால்கள் மேல் பல மடங்கு பிரியம் அதிகம். குழாய் முழுக்கத் தண்ணீர் இருந்தும், நடுவில் இருந்த கொஞ்சம் மெத்தனால் தன் பங்கை வாங்கிக்கொண்டது. இப்படித் தலை மாற்றும் வேலையை 1967இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் விளக்கமாக எழுதியிருக்கின்றன. இலைகளிலிருந்து லிப்பிட் எடுப்பவர்கள் முதலில் சூடான ஐசோபுரோப்பனாலில் முக்கி நொதியைக் கொல்வதும் இந்த வம்புக்குப் பயந்துதான். எனக்கு இதெல்லாம் புத்தகத்தில் படித்த ஞாபகம் இருந்தது, கை மட்டும் மறந்திருந்தது.

சந்தேகம் தீர வேண்டுமே. லெசித்தின் கரைசலைக் கொஞ்சம் ஆவியாக்கி, ஈதரில் மட்டும் கரைத்து ஒரு குழாய். அதோடு அரை மி.லி. எத்தனால் சேர்த்து இன்னொரு குழாய், இதற்கு மட்டும் பதிவேட்டில் கையெழுத்து. முதலாவதில் மர்மப் பொட்டு மறைந்தே போனது. இரண்டாவதில் பொட்டு வந்தது, ஆனால் மெத்தனால் பொட்டைவிட ஒரு துளி மேலே. கார்பன் அணு ஒன்று கூடியதால் கொழுப்புத்தன்மை கூடி, சிலிக்காவை விட்டுச் சற்று வேகமாக ஓடியிருக்கிறது. அது பாஸ்படிடைல்எத்தனால். மது குடித்தவர்களின் சிவப்பணுச் சவ்வில் இதே நொதி வகை இதே பொருளைச் செய்து வைத்துவிடும். ரத்தத்தில் வாரக்கணக்கில் தங்கும் அதை அளந்து, ஒருவர் குடித்தாரா என்று கண்டுபிடிக்கிறார்கள். எங்கள் அலமாரிப் பதிவேட்டை ஏமாற்றினாலும் உடம்பின் பதிவேட்டை ஏமாற்ற முடியாது போல.

கலப்படம் வழி காட்டியது என்றால் இந்தத் துறையில் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது உயிர்வேதியியலாளர் யூஜின் கென்னடி. 1950களின் நடுவில் சிகாகோவில் அவரும் சாமுவேல் வைஸும், கல்லீரல் செல் லெசித்தினை எப்படிக் கட்டுகிறது என்று தேடிக்கொண்டிருந்தார்கள். கல்லீரல் கரைசலில் பாஸ்போகோலினை (பாஸ்பேட் மாட்டிய கோலின்) போட்டு, ஆற்றலுக்கு ஏடிபி சேர்த்துப் பார்த்தார்கள். அவ்வளவு தூய்மையில்லாத ஏடிபி போட்டபோது லெசித்தின் உருவானது. நன்றாகச் சுத்தம் செய்த படிக ஏடிபி போட்டால் உருவாகவில்லை. சுத்தமானது வேலை செய்யவில்லை, அழுக்கானது வேலை செய்கிறது! வேறு யாராவது இருந்தால் அந்த அழுக்குச் சரக்கைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள். இவர்கள் அழுக்கைத் தேடிப் போனார்கள். அதில் கலந்திருந்தது ஏடிபியின் உறவுக்காரப் பொருளான சைட்டிடின் டிரைபாஸ்பேட். 1956இல் வெளிவந்த அந்த வழியை இன்று கென்னடி பாதை என்கிறார்கள்.

அந்தப் பாதையை முட்டை இட்ட கோழியை வைத்தே சொல்லிவிடலாம், ஏனென்றால் மஞ்சள் கருவின் கொழுப்பு சூலகத்தில் உருவாவதில்லை. கோழியின் கல்லீரலில் உருவாகி, ரத்தத்தில் ஏறி, வளரும் கருமுட்டைக்குப் போய்ச் சேருகிறது. கல்லீரல் முதலில் கோலினுக்கு ஏடிபியிலிருந்து ஒரு பாஸ்பேட்டை மாட்டுகிறது. அடுத்து அதைச் சைட்டிடின் டிரைபாஸ்பேட்டோடு சேர்த்துச் சைட்டிடின் டைபாஸ்பேட் கோலின் ஆக்குகிறது. (இந்த இரண்டுக்கும் ஆங்கிலச் சுருக்கத்தைத் தமிழில் எழுதினால் இரண்டும் சிடிபி! வகுப்பில் இதனால் நடக்கும் கூத்து தனிக்கதை.) கடைசியில் பாஸ்போகோலினை அப்படியே தூக்கி டைகிளிசரைடின் (இரண்டு கைகளில் மட்டும் கொழுப்பு அமிலம் உள்ள கிளிசரால்) காலியான மூன்றாம் கையில் வைக்கிறது. நடுப்படியைச் செய்யும் நொதிதான் வேகத்தைத் தீர்மானிப்பது. சவ்வில் லெசித்தின் குறைந்தால் தலைகளுக்கு நடுவே இடைவெளி விழும். அந்த நொதியின் ஒரு சுருள் பகுதி அந்த இடைவெளிக்குள் ஆப்பு மாதிரி இறங்கும். இறங்கினால்தான் அது விழித்துக்கொள்ளும். இடைவெளி நிரம்பியதும் வெளியே வந்து தூங்கிவிடும். கல்லீரலில் இதைத் தவிர இன்னொரு வழியும் உண்டு: பாஸ்படிடைல்எத்தனாலமினின் தலையில் மூன்று மெத்தில் தொகுதிகளை ஒன்றன் பின் ஒன்றாக மாட்டி லெசித்தின் ஆக்குவது.

இங்கே அதே மாணவி இன்னொரு கேள்வி கேட்டாள். முட்டைக்கோஸ் வெட்டி மிச்சம் வைத்தது பாஸ்படிடிக் அமிலம். செல்லும் லெசித்தின் கட்டும்போது பாஸ்படிடிக் அமிலத்தில்தானே ஆரம்பிக்கிறது? அப்படியே கோலினை ஒட்டிவிட்டால் முடிந்ததே? நல்ல கேள்வி. செல் அப்படிச் செய்வதில்லை. பாஸ்படிடிக் அமிலத்தில் இருக்கிற பாஸ்பேட்டைக் கழற்றி எறிந்துவிட்டு டைகிளிசரைடு ஆக்குகிறது. பிறகு வேறொரு பாஸ்பேட்டைக் கோலினோடு சேர்த்துக் கொண்டுவந்து வைக்கிறது. பார்க்க வெட்டிவேலை மாதிரி இருக்கிறது. ஆனால் கோலின் சும்மா வந்து ஒட்டாது, யாராவது ஆற்றல் கொடுத்துத் தூக்கிவிட வேண்டும். அதைச் சைட்டிடின் செய்கிறது. கார்டியோலிப்பின், பாஸ்படிடைல்இனோசிட்டால் போன்ற வேறு சவ்வுக் கொழுப்புகளைக் கட்டும்போது சைட்டிடின் மறுபக்கத்தில் ஏறுகிறது. அங்கே பாஸ்படிடிக் அமிலமே சைட்டிடினோடு சேர்ந்து தயாராகும், புதுத் தலை சும்மா வந்தால் போதும். கூடவே டைகிளிசரைடாக நின்றால் அது லெசித்தினுக்கும் போகலாம், சேமிப்புக் கொழுப்புக்கும் போகலாம், ஒரே முச்சந்தி. கோலின் கிடைக்காதபோது லெசித்தின் பக்கம் அடைபட்டு, கொழுப்பைப் பொதிந்து ரத்தத்துக்கு அனுப்ப உறை போதாமல், கல்லீரலிலேயே கொழுப்பு தேங்குகிறது. லெசித்தின் கொடுத்தால் நாய்களின் கொழுப்புக் கல்லீரல் சரியாகிறது என்று டொராண்டோவில் சார்லஸ் பெஸ்ட் என்ற ஆய்வாளரின் குழு 1930களின் தொடக்கத்திலேயே கண்டு, அதில் வேலை செய்வது கோலின் என்றும் காட்டியது. கோழித் தீவனத்தில் கோலின் குளோரைடு கலப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நான்காவது முறை, மாணவிகள் வந்த நாளில், முழுதும் ஒழுங்காக ஓடியது. வெள்ளை இழை வந்தபோது ஆளுக்கொரு குச்சியோடு முண்டியடித்தார்கள். செய்முறைத் தாளில் 'லெசித்தினை ஈதரில் கரைத்து அன்றே பயன்படுத்தவும். ஆல்கஹால் சேர்க்க வேண்டாம்' என்று திருத்தினேன். ஆனால் பழைய பழுப்புப் புட்டியைக் கொட்டவில்லை. லேபிளைக் கிழித்துவிட்டு 'நான்காம் குழாய்க்கு' என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு குழுவுக்கும் அதிலிருந்து அரை மி.லி. போகும்.

முதல் குழு தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, "மேடம், சாறு கெட்டுப்போச்சு போல, எக்ஸ்ட்ரா ஸ்பாட் வருது" என்றது. எதைத் தெளித்துப் பார்த்தீர்கள் என்று கேட்டுத் திருப்பி அனுப்பினேன்.